24 வயதுக்கு மேல் இடமில்லை

போன ஞாயிற்றுக்கிழமை நியூயார்க்கின் ஃபிளஷிங் பிள்ளையார் கோயில் கேண்டீனில் தோசைக்காக நின்றிருந்தேன். பல வருடமாகத் தெரிந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்து, "என்ன தம்பி, கஞ்சா வரிப் பணத்தில் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்துகிறார்களாம், நீங்கள் போய்க் கணக்கு எழுதிக் கொடுக்கிறீர்களாம்?" என்று கேட்டார். குரலில் கோபமில்லை. நல்ல பிள்ளை இப்படி மாட்டிக்கொண்டதே என்ற பரிதாபம்தான். அதற்குள் என் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவருக்குச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும்.

ஐயா, நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. நியூயார்க் மாநிலம் 2021 மார்ச் 31 அன்று கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கியது. நிர்வாகச் செலவுகள் போக மிஞ்சும் வரிப் பணத்தில் 40 சதவீதம் பள்ளிக் கல்விக்கு, 20 சதவீதம் போதை சிகிச்சைக்கும் விழிப்புணர்வுக்கும், மீதி 40 சதவீதம் கஞ்சா கைதுகளால் அடிபட்ட பகுதிகளுக்கு என்று அந்தச் சட்டமே பிரித்து வைத்திருக்கிறது. அந்தக் கடைசி 40-ஐப் பற்றித்தான் பேச்சு. குடித்தவன் காசில் குடும்பம் நடத்துவது போல என்று நீங்கள் நினைப்பது எனக்குப் புரிகிறது. என் கணக்கில் இது கடன் திரும்பி வருவது. கடன் எப்படி ஏறியது என்று பாருங்கள்.

1977-லேயே நியூயார்க் சட்டம் தளர்ந்துவிட்டது. 25 கிராம் வரை சட்டைப்பையில் இருந்தால், முதல் முறைக்கு 100 டாலர் வரை அபராதம், அவ்வளவுதான். ஆனால் அதே பொருள் பொது இடத்தில், பார்வையில் படும்படி இருந்தால் குற்றம்; கைவிலங்கு. சட்டத்தின் இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள் தெரியுமா? தெருமுனையில் போலீஸ்காரர் ஒரு பையனை நிறுத்துவார். பைகளைக் காலி செய் என்பார். பையன் உள்ளே இருப்பதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டுவான். பொருள் இப்போது பார்வையில் பட்டுவிட்டது. கைது. போலீஸ் சொல்லி வெளியே எடுத்த பொருளுக்காகக் கைது செய்யாதீர்கள் என்று காவல் ஆணையர் ரேமண்ட் கெல்லி சுற்றறிக்கை அனுப்பியது 2011 செப்டம்பரில். சட்டம் வந்து 34 வருடம் கழித்து.

அந்த 2011-இல் மட்டும் நியூயார்க் நகரில் இப்படிச் சிறு அளவுக் கஞ்சாவுக்காக ஏறத்தாழ 50,000 கைதுகள். அவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் கறுப்பினத்தவரும் லத்தினோக்களும் (லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர்). வெள்ளையர் புகைக்கவில்லையா என்றால், இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் புகைக்கிறார்கள் என்று கருத்தாய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. போலீஸ் எந்தத் தெருவில் நின்றது என்பதுதான் வித்தியாசம். நம் பிள்ளைகள் படித்த தெருவில் நிற்கவில்லை. ஆகவே நமக்குத் தெரியவில்லை.

நான் கணக்கு எழுதுவது இதே நகரில் ஜமைக்கா என்ற பகுதிப் பக்கம் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் இயங்கும் சின்னக் குழுவுக்கு. வியாழன் மாலை இருபது பிள்ளைகள் வருவார்கள். அவர்களைச் சேர்த்துப் பிடித்து வைத்திருப்பவர் ஒருவர் இருக்கிறார். பகலில் விமான நிலையத்தில் பெட்டி தூக்குபவர். 2011 வசந்தத்தில் அவருக்கு 17 வயது. பையில் இருந்தவை மெட்ரோகார்டு, வீட்டுச் சாவி, சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு பொட்டலம். ஓர் இரவு லாக்கப்பில் இருந்தார். மறுநாள் சனிக்கிழமை, கடை வேலைக்குப் போகவில்லை. திங்கட்கிழமை அந்த வேலை இல்லை. வழக்கு பிறகு தள்ளுபடி ஆனது. "தள்ளுபடி ஆனதை யாரும் கேட்கவில்லை, கைதானதைத்தான் கேட்டார்கள்" என்று ஒருமுறை நாற்காலிகளை மடக்கிக்கொண்டே சொன்னார்.

அந்தக் காலத்தில் நியூயார்க்கில் 16 வயது ஆகிவிட்டாலே குற்றவியல் நீதிமன்றத்துக்கு நீங்கள் பெரியவர். அதை 18 ஆக்கும் சட்டம் 2017-இல் வந்து, 17 வயதுக்காரர்களுக்கு நடைமுறையானது 2019 அக்டோபரில்.

இப்போது மானியத்துக்கு வருகிறேன். சட்டம் 2021-இல். முதல் கடை திறந்தது 2022 டிசம்பர் 29, மன்ஹாட்டனில். அந்தக் கடைசி 40-இலிருந்து தரும் சமூக மறுமுதலீட்டு மானியத்துக்கு முதல் விண்ணப்பம் கேட்டது 2024-இல். மொத்தம் 50 லட்சம் டாலர், ஓர் அமைப்புக்கு அதிகபட்சம் 1 லட்சம். யாருக்கு? பிறந்த குழந்தை முதல் 24 வயது வரையிலான இளையோருக்கு. பெட்டி தூக்கும் அந்த மனிதருக்கு அப்போது முப்பது.

17 வயதில் நீதிமன்றம் அவரைப் பெரியவர் என்றது. இழப்பீடு வரும் நேரத்தில் இளையோர் பட்டியலில் அவர் இல்லை. இந்த மாநிலம் அவரை இளைஞராக எண்ணிய நாள் ஒன்றுகூட இல்லை.

பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தகப்பன் வேலையிழந்த வீட்டில் வளர்ந்தவர்களும் அந்தக் கடனில் பங்குதாரர்கள்தான். ஆனால் 'இளையோர்' என்ற சொல் அரசுக்கு வசதியானது. பத்து வயதுக் குழந்தையிடம் யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. அவனுக்குக் கால்பந்து வாங்கிக் கொடுத்தால் போதும், புகைப்படமும் நன்றாக வரும். இழந்த பதின்மூன்று வருடத்துக்குக் கணக்குக் கேட்கக்கூடிய முப்பது வயதுக்காரரிடம் பேசுவதுதான் கஷ்டம்.

இல்லினாய் இதை வேறு விதமாகச் செய்தது. அங்கே 2020 ஜனவரி 1 அன்று விற்பனை தொடங்கியது. ஒரே வருடத்தில், 2021 ஜனவரியில், 3 கோடியே 15 லட்சம் டாலர் முதல் சுற்று மானியத்தை அறிவித்துவிட்டார்கள். கஞ்சா வருவாயில் நான்கில் ஒரு பங்கு அதற்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. துப்பாக்கிக் காயம், குழந்தை வறுமை, வேலையின்மை, சிறைக்குப் போய்த் திரும்புவோர் எண்ணிக்கை ஆகியவற்றை வைத்துப் பகுதிகளைக் குறித்தார்கள். பணம் போகும் ஐந்து பணிகளில் இளையோர் மேம்பாடு ஒன்று மட்டுமே. சிறையிலிருந்து திரும்புவோருக்கான உதவி, இலவசச் சட்ட உதவி, வன்முறைத் தடுப்பு, பொருளாதார மேம்பாடு ஆகியவையும் அதே பெட்டியில் இருக்கின்றன. அந்தத் திட்டத்திலும் கோளாறுகள் இருக்கலாம். ஆனால் அங்கே விண்ணப்பத்தில் முப்பது வயதுக்காரரின் பெயரை எழுத ஓர் இடம் இருக்கிறது.

'இளையோர் பங்கேற்பு' என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் பார்த்த பல திட்டங்களில் அதற்குப் பொருள் பீட்சா, டி-ஷர்ட், கடைசி நாளில் ஒரு குழுப் படம். எங்கள் பிள்ளைகளிடம், பணம் வந்தால் என்ன செய்யலாம் என்று கேட்டோம். நான் கம்ப்யூட்டர் என்று எதிர்பார்த்தேன் (நம் புத்தி அப்படித்தானே போகும்). ஒரு பதினைந்து வயதுப் பெண் சொன்னாள்: சனிக்கிழமை இரவு பதினோரு மணி வரை இந்தக் கதவு திறந்திருக்க வேண்டும், ஆள் இருக்க வேண்டும். யார் என்றதற்கு எல்லோரும் பெட்டி தூக்கும் அவரைக் கை காட்டினார்கள்.

ஆகவே ஒரு பொது மானியத்துக்கு (எதென்று சொல்லவில்லை) எழுதியபோது வரவு செலவின் முதல் வரியாக அவர் சம்பளத்தைப் போட்டேன்: வாரம் 20 மணி நேரம். கேள்வி திரும்பி வந்தது. இந்தப் பணியாளரின் கல்வித் தகுதி என்ன? தொடர்புடைய முன் அனுபவம் என்ன?

அனுபவம் என்ற கட்டத்தில் அந்த வசந்த இரவை எழுதலாமா என்று கேட்டேன். யோசித்துவிட்டு வேண்டாம் என்றார். "இவர்களுக்குத் தெரியும்" என்று பிள்ளைகள் பக்கம் தலையசைத்தார். நான் 'பத்து ஆண்டுத் தன்னார்வப் பணி' என்று எழுதி அனுப்பினேன். பணம் வந்தது, அந்த ஒரு வரியைப் பாதியாக வெட்டி. மிச்சப் பாதிக்கு ஒரு பயிற்சி ஆலோசகர் வைத்துக்கொள்ளலாம் என்று குறிப்பு வேறு. பணமும் முன்னால் கைக்கு வராது. செலவு செய்து ரசீது காட்டினால் பிறகு வரும். பொது மானியங்களில் பல இப்படித்தான், ஐயா. வங்கியில் பணம் வைத்திருக்கும் பெரிய அமைப்புக்கு இது தொந்தரவு, அவ்வளவுதான். எங்கள் கணக்கில் அன்றைக்கு இருந்தது இரண்டு மாத மின்கட்டணம்.

சனிக்கிழமை கதவு இப்போது ஒன்பது மணி வரை திறந்திருக்கிறது. வாரம் 10 மணி நேரத்துக்கு அவருக்குச் சம்பளம். ஒன்பதுக்கு மேல் அவர் வாசல்படியில் உட்கார்ந்திருக்கிறார், அதற்கு ரசீது கிடையாது. நீங்கள் ஒரு வாரம் வந்து பாருங்கள். கேண்டீனிலிருந்து இருபது தோசை கட்டி வாங்கி வந்தால், அதை என் கணக்கில் எழுத மாட்டேன்.