அந்த நண்டு பில்லைப் பற்றி, முதலும் கடைசியுமாக

புத்தளம் கரையில் இருக்கிற கற்பிட்டிப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையொன்றின் நண்டு பில் இன்னும் என் டைம்லைனில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. எல்லோரும் பார்த்த படம்தான், திரும்பப் போடவில்லை. "கடற்கரையில் வைத்தே கொள்ளை" என்று மேலே தலைப்பு, கீழே முந்நூறு சிரிப்பு. பகிர்ந்தவர்களில் ஒருவராவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தீர்களா? பில்லில் நிறை இருக்கிறது. களப்பு நண்டு இரண்டு, 1.840 கிலோ. 100 கிராம் 1,200 ரூபா. 22,080. சேவைக் கட்டணம் பத்து வீதம், 2,208. மொத்தம் 24,288. கூட்டலில் ஒரு பிழையும் இல்லை.

பிழை எங்கே என்றால், மெனுவில் 1,200 என்பதைப் பார்த்தவர் அதைத் தட்டு விலை என்று எடுத்துக்கொண்டார். எத்தனை கிராம் என்று கேட்கவில்லை. கடைக்காரரும் சொல்லவில்லை. நண்டைக் காட்டாமல், தராசைக் காட்டாமல், நேரே குசினிக்குக் கொண்டுபோய்விட்டார். சண்டை பிடிப்பதென்றால் இதற்குப் பிடியுங்கள். நான் அன்றைக்கும் கொமெண்டில் இதைத்தான் எழுதினேன், இன்றைக்கும் இதைத்தான் எழுதுகிறேன்: விலையைக் கேட்காதீர்கள், நிறையைக் கேளுங்கள்.

கேட்பதிலும் முறை இருக்கிறது. உயிர் நிறையா, சுத்தம் செய்த நிறையா என்பது முதல் கேள்வி. மீனென்றால் செதில், குடல், பூ (செவுள்) எடுத்தாலே பத்துப் பதினைந்து வீதம் போய்விடும். இறாலில் தலை மட்டும் மூன்றில் ஒன்றுக்கு மேல், கோதும் போனால் மிஞ்சுவது ஏறக்குறைய பாதி. நல்ல சதை பிடித்த களப்பு நண்டிலேயே ஓடு கழித்தால் மூன்றில் ஒரு பங்குதான் வாய்க்கு வரும். ஆகவே 1.840 கிலோ என்றால் நாலு பேர் சாப்பிட்டது அறுநூறு கிராம் சதை. "இவ்வளவு காசுக்கு வயிறு நிறையவில்லை" என்று எழுதியிருந்த அக்காவுக்கு இதுதான் பதில். வயிறு நிறைய நண்டு ஒரு வழியில்லை, பாணும் சோறும் அதற்குத்தான் இருக்கிறது.

அடுத்தது தராசு. நண்டை வைக்கிற பேசினோடு நிறுத்தால் பேசினுக்கும் நீங்கள்தான் காசு கட்டுகிறீர்கள். வெறும் பேசினை வைத்துப் பூச்சியம் ஆக்கிய பிறகுதான் நண்டு ஏற வேண்டும். நண்டைக் கட்டியிருக்கும் கயிறு தடித்த ஈரக் கயிறா என்றும் பாருங்கள், அதுவும் நிறைதான். அளவீட்டு அலகுகள் திணைக்களத்தின் முத்திரை தராசில் இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நண்டைக் கையில் எடுக்கத் தெரிந்தால் இன்னும் நல்லது. வயிற்றுப் பக்கம், கடைசிக் கால் பொருந்தும் இடத்துக்குக் கிட்டப் பெருவிரலால் அழுத்துங்கள். அமிழ்ந்தால் அது ஓடு கழற்றிக் கொஞ்சநாளான நண்டு, உள்ளே தண்ணீர்தான். நிறுக்கும்போது ஒரு கிலோ காட்டும், சட்டியில் ஒன்றுமிருக்காது. அசையாத நண்டை இலவசமாகத் தந்தாலும் வேண்டாம். செத்த நண்டின் சதை வெகு சீக்கிரம் மாவாகிவிடும், வயிற்றையும் கெடுக்கும். இன்னொன்று: தராசில் இரண்டு பெரிய கொடுக்கோடு இருந்த நண்டு தட்டுக்கு ஒன்றோடு வந்தால் ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. உயிருள்ளதை அப்படியே கொதிநீரில் போட்டால் கால்களை உதிர்த்துவிடும், அதனால்தான் தெரிந்த சமையல்காரர் முதலில் ஐஸில் போட்டு மயக்குவார். உதிர்ந்தாலும் அந்தக் கொடுக்கு சட்டியில்தானே கிடக்க வேண்டும்?

"அதெல்லாம் சரி, கடல் பக்கத்தில் இருந்துகொண்டு ஏன் இந்த விலை?" இந்தக் கேள்வியை எத்தனை பேர் கேட்டார்கள்! கடலுக்குப் பக்கத்தில் மீன் மலிவு என்பது கொழும்பில் இருந்துகொண்டு நாம் நம்புகிற கதை. கரையில் இறங்குகிற நல்ல மீன் அந்த ஊருக்காக இறங்குவதில்லை. படகுக்கும் வலைக்கும் முன்பணம் கொடுத்த முதலாளியின் ஆள் கரையிலேயே நிற்பார், ஐஸ் போட்டு, கொழும்புக்குக் கிட்ட இருக்கிற பேலியகொடை மீன் சந்தைக்குப் போகும் லொறியில் ஏற்றிவிடுவார். பெரிய களப்பு நண்டென்றால் அது கட்டுநாயக்க விமான நிலையம் வழியாக உயிரோடு சிங்கப்பூருக்குப் போகிற சரக்கு. கிராமத்துக் கடைக்காரர் அந்த ஏற்றுமதி விலைக்குப் போட்டி போட்டுத்தான் இரண்டு நண்டை எடுத்து வைக்கிறார். வார இறுதியில் ஆள் வரும், செவ்வாய்க்கிழமை ஈ ஓட்டுவார். வாங்கி வைத்த மீனுக்குக் கிலோவுக்குக் கிலோ ஐஸ் வேண்டும், கரண்ட் போனால் ஜெனரேட்டர் வேண்டும், காஸ் புத்தளத்திலிருந்து வர வேண்டும். இதெல்லாம் அந்த 1,200க்குள் இருக்கிறது.

பருவமும் இருக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் காற்றில் மேற்குக் கரைக் கடல் கொந்தளிக்கும், சின்னப் படகுகள் பல நாள் கரையில்தான். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து ஆட்கள் கிழக்கே முல்லைத்தீவு, திருகோணமலை என்று வாடி (கரையோரத் தற்காலிகக் குடிசை) போடப் போய்விடுவார்கள். அதே காற்றுக்காகத்தான் கைற் சேர்ஃபிங் வெள்ளைக்காரர்கள் கற்பிட்டிக்கு வருகிறார்கள். வாடிக்கையாளர் கூடுகிற மாதத்தில் கடல் மீன் குறைகிறது. ஜூலையில் "இன்று காலையில் பிடித்த பாரை" என்று சொன்னால், எந்தக் கடலில் என்று கேட்டுப் பாருங்கள். அது கிழக்கிலிருந்து பேலியகொடைக்கு வந்து திரும்பவும் கற்பிட்டிக்குப் போன பாரையாகவும் இருக்கலாம். களப்பு நண்டும் களப்பு இறாலும் அந்தக் காலத்திலும் கிடைக்கும், அதைக் கேளுங்கள். சிங்க இறால் பிடிக்க பெப்ரவரி, செப்டெம்பர், ஒக்டோபரில் தடை. அந்த மாதங்களில் "புதுசு" என்று நீட்டினால் ஒன்று ஐஸ்பெட்டிச் சரக்கு, இல்லாவிட்டால் களவு.

"வெள்ளவத்தையில் பாதி விலைக்கு நண்டு வாங்கலாம்" என்றவர்களுக்கு: நீங்கள் வாங்குவது பெரும்பாலும் நீலக்கால் கடல் நண்டு, அதுவும் செத்தது. இரண்டும் ஒரே சாமான் இல்லை. அவ்வளவுதான்.

இனி, "கடைக்காரனிடம் எவ்வளவு வாங்கினாய்?" என்று இன்பொக்ஸில் கேட்ட நல்லவர்களுக்கு. கடைக்காரர் செய்தது பிழை என்று மேலேயே எழுதியிருக்கிறேன், கண் தெரிந்தால் வாசியுங்கள். மெனுவில் "சந்தை விலை" என்று மட்டும் போட்டு வைப்பது, 100 கிராம் என்பதை எறும்பு எழுத்தில் அடிப்பது, நிறுத்துக் காட்டாமல் சமைப்பது, மூன்றும் பிழை. 2003ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி விலையைப் பார்வைக்கு வைக்க வேண்டும், கேட்டால் பில் தர வேண்டும். முறைப்பாட்டுக்கு நுகர்வோர் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. அங்கே அடித்தவர் எத்தனை பேர்? முகநூலில் அடித்தவர்கள்தான் ஆயிரக்கணக்கு.

ஒரு எதிர்வாதம் மட்டும் என்னையும் உறுத்துகிறது. வெள்ளைக்காரருக்கு ஒரு விலை, நமக்கு ஒரு விலை என்று சில கடைகளில் நடப்பது உண்மை. 2024இல் கொழும்பு புதுக்கடையில் ஒரு வெளிநாட்டவரிடம் ஒரு கொத்து ரொட்டிக்கு 1,900 கேட்ட காணொளியை மறந்திருக்க மாட்டீர்கள். அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் இந்தப் பில்லில் அது நடக்கவில்லை. மெனுவில் இருந்த விலைதான் பில்லிலும் இருந்தது.

சரி, கொழும்புக்கே வருவோம். பழைய டச்சு ஹொஸ்பிட்டல் கட்டடத்தில் 2011இல் திறந்த மினிஸ்ட்ரி ஒஃப் கிராப் உணவகத்தில் அரைக் கிலோவிலிருந்து இரண்டு கிலோ வரை நண்டை நிறை வாரியாகப் பிரித்து விற்கிறார்கள். நண்டு எத்தனை கிராம் என்று தெரிந்துகொண்டுதான் ஓடர் கொடுப்பீர்கள். அது நல்ல முறை, கற்பிட்டிக்காரர் அதைப் பார்த்துப் படிக்கட்டும். ஆனால் அங்கே ஏப்ரன் கட்டிக்கொண்டு படம் எடுத்துப் போடும்போது பில்லையும் சேர்த்துப் போட்டு "கொள்ளை" என்று எழுதினீர்களா? ஐந்து நட்சத்திர ஹோட்டலில் தண்ணீர்ப் போத்தலின் விலையைக் கேட்டுச் சண்டை போட்டீர்களா? அங்கே வாயை மூடிக்கொண்டு கார்டை நீட்டுகிற கை, ஓலைக்கூரைக்குக் கீழே வந்ததும் பேரம் பேசத் தொடங்குகிறது. செருப்புப் போடாமல் பரிமாறுகிறவன் கேட்டால் மட்டும் அது அநியாய விலை. அவனுடைய அண்ணன் இரவு முழுக்கக் களப்பில் நண்டுக் கூடு இறக்கித் தூக்கியதற்கு ஒரு விலை இருக்கக் கூடாதா?

"மீன் நாத்தத்துக்கு ஏசி ரேட்டா?" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்கு நூற்றுப்பத்து ஹார்ட். நாத்தமா? அந்த நாத்தத்தில்தான் அந்தக் கரையில் பிள்ளைகள் படித்து ஆளாகியிருக்கிறார்கள், அதில் சிலர் இதே கொழும்பில் உங்கள் பக்கத்து மேசையில் வேலை செய்கிறார்கள், இந்தப் பதிவையும் வாசிப்பார்கள். நிறையைப் பற்றிப் பேசத்தான் தொடங்கினேன், எங்கேயோ வந்துவிட்டேன், பரவாயில்லை. எழுதியவரை நண்பர் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். ஹார்ட் போட்டவர்களில் தெரிந்த முகங்களும் இருந்தன, அவர்களையும் எடுத்தாயிற்று. திரும்ப ரிக்குவெஸ்ட் அனுப்ப வேண்டாம்.