பாட்டு முதலில், பாடகர் அப்புறம்

2008-இல் ‘எக்ஸ் ஃபேக்டர்’ என்ற பிரிட்டிஷ் டிவி பாட்டுப் போட்டியில் ஜெயித்த அலெக்ஸாண்ட்ரா பர்க் ‘ஹாலேலூயா’ பாடியதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. நல்ல குரல், நன்றாகவே பாடினார். அந்தப் பாட்டு அவர் கைக்கு வந்து சேர்ந்த விதம்தான் இத்தனை வருடம் கழித்தும் எனக்கு ஆறவில்லை.

விஷயம் தெரியாதவர்களுக்காக: பிரிட்டனில் கிறிஸ்துமஸ் வாரத்தில் விற்பனைப் பட்டியலின் முதலிடத்தைப் பிடிக்கிற பாட்டுக்குத் தனி மவுசு. அது எந்தப் பாட்டு என்று பணம் கட்டிப் பந்தயம் வைப்பார்கள். ‘எக்ஸ் ஃபேக்டர்’ நிகழ்ச்சிக்காரர்கள் இறுதிச் சுற்றை டிசம்பர் நடுவில் வைத்து, ஜெயித்தவரின் பாட்டைக் கையோடு விற்பனைக்கு விட்டார்கள். 2005 முதல் 2008 வரை நாலு வருடமும் முதலிடம் அவர்களுக்கே.

முடிவு தெரிந்த கையோடு பாட்டு எப்படித் தயாராக இருக்கும்? மிஞ்சி நிற்கிற போட்டியாளர்கள் எல்லோரையும் முன்கூட்டியே பாட வைத்துப் பதிவு செய்துவிடுவார்கள். ஜெயித்தவர் பாடியது வெளியே வரும். 2008 இறுதிச் சுற்றில் பர்க்கும் ‘ஹாலேலூயா’ பாடினார், அவரோடு மோதிய ஜேஎல்எஸ் என்ற நாலு பையன்களின் குழுவும் அதையே பாடியது. அடுத்த வருடம் ஜோ மெக்எல்டெரி, ஓலி மர்ஸ் இருவருக்கும் அதே ‘தி க்ளைம்ப்’. யார் போட்டாலும் போகட்டும் என்று ஒரே அளவில் தைத்த சட்டை.

அடுத்தவர் பாட்டைப் பாடுவதே தப்பு என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. ‘ஹாலேலூயா’ இன்று உயிரோடு இருப்பதே அடுத்தவர்கள் பாடியதால்தான். அதை எழுதிய லியோனார்ட் கோஹன் 1984-இல் தானே பாடி வெளியிட்டபோது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அமெரிக்காவில் அவருடைய நிறுவனம் அந்த ஆல்பத்தை வெளியிடவே மறுத்துவிட்டது. 1991-இல் ஜான் கேல் அந்தப் பாட்டைக் கையில் எடுத்தார். கோஹனிடம் வரிகளைக் கேட்டு வாங்கி, பக்கம் பக்கமாக வந்ததிலிருந்து தனக்கு வேண்டியதைப் பொறுக்கி, வெறும் பியானோவோடு பாடினார். அதைக் கேட்டுத்தான் ஜெஃப் பக்லி 1994-இல் பாடினார்.

பக்லியின் பதிவைக் கேட்டவர்களுக்குத் தெரியும், கிடார் தொடங்குவதற்கு முன்னால் அவர் விடுகிற மூச்சு அதில் கேட்கும். பாட்டு கிட்டத்தட்ட ஏழு நிமிடம். கிடார், குரல், அவ்வளவுதான். எந்த இடத்திலும் அவசரமே இருக்காது. காமமும் பக்தியும் தோல்வியும் ஒன்றாகக் கிடக்கிற வரிகள் அவை, பாடிப் பாடித்தான் வசப்படும். பர்க்கின் பதிவு அதில் ஏறக்குறைய பாதி நீளம். கூட்டமாகக் குரல்கள் சேர்ந்து, பாட்டு ஏறி ஏறி ஒரு வெற்றி விழாவாக முடிகிறது. மேடையில் வண்ணக் காகிதம் பறக்கிற நேரத்துக்கு அது தேவைப்பட்டிருக்கலாம். கோஹனின் பாட்டுக்கு அது தேவையில்லை.

அந்த வாரம் பர்க் பாடியது 5,76,000 பிரதிகளுக்கு மேல் விற்று முதலிடம் பிடித்தது. அதற்கு எதிராக ஜனங்கள் பக்லியின் பாட்டைத் தேடிப்பிடித்து வாங்க, அது இரண்டாம் இடம். கோஹன் பாடிய மூலப் பதிவு 36-ஆம் இடம். ஒரே பாட்டு முதல் இரண்டு இடங்களிலும் நின்றது 1957-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. 2007-லிருந்து கடையில் இசைத்தட்டு இல்லாவிட்டாலும் தரவிறக்கம் மட்டுமே பட்டியலுக்குப் போதும் என்று விதி மாறியிருந்தது. அதனால்தான் பழைய பாட்டும் களத்தில் இறங்க முடிந்தது.

2009-இல் ஜான், ட்ரேசி மார்ட்டர் என்ற எசெக்ஸ் தம்பதி, ‘எக்ஸ் ஃபேக்டர்’ பாட்டுக்கு எதிராக முகநூலில் ஒரு குழு தொடங்கி, ரேஜ் அகெய்ன்ஸ்ட் தி மெஷின் குழுவின் 1992-ஆம் வருடத்துப் பாட்டை முதலிடத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஜெயித்த மெக்எல்டெரியின் ‘தி க்ளைம்ப்’ இரண்டாம் இடம், வித்தியாசம் 50,000 பிரதிகளுக்கும் மேல். இரண்டு பாட்டுமே சோனியுடையதுதானே, யார் ஜெயித்தால் என்ன என்று அப்போதும் கேட்டார்கள். வீடில்லாதவர்களுக்காக வேலை செய்யும் ஷெல்டர் அமைப்புக்கு அந்த முகநூல் குழு மூலமாகவே நன்கொடை சேர்ந்ததை அவர்கள் சொல்வதில்லை. மெக்எல்டெரியை நினைத்தால் எனக்குப் பாவமாகத்தான் இருக்கிறது. பதினெட்டு வயதுப் பையன். அதே வருடம் மைலி சைரஸ் பாடி வெளிவந்த பாட்டையே அவனிடம் கொடுத்து அனுப்பினார்கள்.

2010 இன்னும் மோசம். பிஃபி கிளைரோ என்ற ஸ்காட்லாந்துக் குழுவின் ‘மெனி ஆஃப் ஹாரர்’ பாட்டை அந்த வருடம் ஜெயித்த மேட் கார்டிலுக்குக் கொடுத்தார்கள். ‘ஹாரர்’ கிறிஸ்துமஸுக்கு ஒத்துவராது என்று நினைத்தார்களோ என்னவோ, பெயரையே ‘வென் வீ கொலைட்’ என்று மாற்றிவிட்டார்கள். ஒருவர் எழுதிய பாட்டுக்கு அவர் வைத்த பெயர்கூட மிஞ்சவில்லை.

இந்தப் பாடகர்களிடம் சரக்கு இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். லியோனா லூயிஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2006-இல் ஜெயித்ததும் அவர் பாடியது, 2002-இல் ‘அமெரிக்கன் ஐடல்’ ஜெயித்த கெல்லி கிளார்க்சனின் வெற்றிப் பாட்டு. ஒரு போட்டியின் மிச்சம் இன்னொரு போட்டிக்கு! அடுத்த வருடம் ‘ப்ளீடிங் லவ்’ வந்தது. அவர் குரலின் அத்தனை வளைவுக்கும் இடம் வைத்த புதுப் பாட்டு. அமெரிக்காவிலும் முதலிடம். லியோனா என்றதும் இன்று ஞாபகம் வருவது எது? லிட்டில் மிக்ஸ் என்ற பெண்கள் குழு 2011-இல் டேமியன் ரைஸின் ‘கேனன்பால்’ பாடி ஜெயித்தார்கள். ஒற்றைக் கிடாரோடு ஒருவர் முணுமுணுத்த பாட்டு அது. அடுத்த வருடம் ‘விங்ஸ்’ வந்த பிறகுதான் அவர்கள் யார் என்று தெரிந்தது. பர்க்குக்கும் அப்படித்தான், ‘பேட் பாய்ஸ்’ வந்த பிறகு.

எனக்கு ரொம்பவும் மனசு கேட்காதது சாம் பெய்லி விஷயம். 2013-இல் ஜெயித்தார். வயது 36, இரண்டு பிள்ளைகளின் தாய், சிறையில் காவலர் வேலை பார்த்தவர். அப்படி ஒரு வாழ்க்கை வாழ்ந்த குரல் பாப் இசையில் எத்தனை தடவை முதலிடத்துக்கு வரும்? அவருக்குக் கொடுத்தது, டெமி லொவாட்டோ பதினெட்டு வயதில் பாடி வெளிவந்த ‘ஸ்கைஸ்க்ரேப்பர்’. அதுவும் முதலிடம் பிடித்தது. சிறை வாசலில் ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிற ஒரு பெண்ணைப் பற்றி நாலு வரி எழுதித் தரச் சொல்லி ஒரு பாடலாசிரியரைக் கூப்பிட அங்கே ஒருத்தருக்குமா தோன்றவில்லை?