பெரியப்பா பொழுதைப் போக்கவில்லை

ஞாயிறன்று சென்னை மந்தைவெளியில் நடந்த பெரியப்பாவின் படத்திறப்பைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வட்டாட்சியராகவும் கோட்டாட்சியராகவும் பெரியப்பா இருந்த ஊர்களையெல்லாம் இருபது நிமிடம் அடுக்கிய பேச்சாளர், கடைசியில், "ஓய்வுக்குப் பிறகு மாடு, கன்று என்று பொழுதைப் போக்கினார்" என்று ஒரே வரியில் முடித்தார். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் வலிக்கிறது.

பெரியப்பா பொழுதைப் போக்கவில்லை. காங்கேயத்துக்குத் தெற்கே தன் கொரங்காட்டில், அதாவது உயிர்வேலி சூழ்ந்த மேய்ச்சல் காட்டில், கிளுவை வேலியைக் கூட நின்று சீர்செய்து, கொழுக்கட்டைப் புல் மறுபடி தழையும்வரை ஒரு காட்டை அடைத்துவைத்து மறு காட்டில் மேயவிட்டு, பத்தொன்பது ஆண்டுகள் காங்கேயம் மாடுகளைக் காத்தார். எருது பூட்டிக் கிணற்றில் கவலை இறைத்த காலத்தில் வீட்டுக்கு வீடு நின்ற இனம் அது. மோட்டாரும் டிராக்டரும் எருதின் வேலையை எடுத்துக்கொண்டன. 1970-இல் வெண்மைப் புரட்சி தொடங்கியபின் பால் கணக்கே பெரிதாகி, கலப்பினப் பசுக்கள் தொழுவங்களை நிறைத்தன. சுற்றுவட்டாரத்தில் பசுவோடு சேர்க்க நல்ல பூச்சிக்காளை கிடைக்காத நாளில் பலரும் பசுவை ஓட்டிவந்தது அவர் வாசலுக்குத்தான்.

அலுவலகத்தையும் மாட்டையும் பிரித்துப் பேசுவதே தவறு. நான் பள்ளியில் படித்தபோது, ஊர் மாடுகள் மேயும் பொது நிலமான மேய்க்கால் புறம்போக்கைத் தன் பெயருக்குப் பட்டாவாக்கக் கேட்டு ஒரு செல்வாக்கான மனிதர் அவரிடம் வந்தார். "இதை எழுதிக் கொடுத்துட்டா இந்த ஊர் மாடு எங்கீங்க மேயும்?" என்று கேட்டார் பெரியப்பா, அவ்வளவுதான். அடுத்த மாதம் மாறுதல் உத்தரவு வந்தது. நாங்கள் சாமான்களைக் கட்டினோம். மந்தைவெளி என்பதும் மாடுகள் கூடி நின்ற பொதுவெளியின் பெயர்தானே? அந்தப் பெயருள்ள இடத்தில் நின்றுகொண்டு, மாட்டைப் பொழுதுபோக்கு என்று சொல்ல எப்படி மனம் வந்தது?

ஓய்வூதியம் இருந்ததால் அவருக்கு அது எளிது என்பீர்கள். உண்மைதான், மழை பொய்த்த ஆண்டுகளில் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் அந்தப் பணத்தில்தான் வந்தன. ஆனால் ஓய்வூதியம் வாங்கும் எத்தனை பேர் நள்ளிரவில் ஈற்றுக்கு நிற்கும் பசுவின் அருகே விழித்திருக்கிறார்கள்? இறந்தவர் கூட்டத்தில் குறை காணலாமா என்றும் கேட்பீர்கள். இறந்தவரால் மறுத்துப் பேச முடியாது என்பதால்தான் நான் பேசுகிறேன்.

2017 ஜனவரியில், ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின்போது மெரினாவில் காங்கேயம் காளையின் படத்தைத் தூக்கிப்பிடித்தவர்களில் நானும் ஒருவன். அங்கிருந்தே அவரை அழைத்தேன். "சந்தோசம் கண்ணு. அதுல பத்துப் பேராவது வீட்டுக்கு ஒரு கன்னு புடிச்சுட்டுப் போவாங்களா?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. வேளச்சேரியில் மூன்றாம் மாடியில் குடியிருப்பவன் என்ன சொல்வது?

இந்த ஆண்டு தையில் ஒரு கிடாரிக் கன்று பிறந்தது. காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும்; ஆறு மாதம் ஆகும்போது நிறம் மாறி, சாம்பல் நிற மயிலையாகிவிடும். "செவலையா இருக்கறப்பவே வந்து பார்த்துட்டுப் போ" என்று மூன்று முறை அழைத்தார். அலுவலகத்தில் விடுப்பு இல்லை என்றேன். ஆடியில் காரியத்துக்குப் போனபோது, அந்தக் கன்று மயிலையாகி, வெள்வேல் மரத்தடியில் நின்றிருந்தது.