பழைய போன்களுக்கு மதிப்பெண் போடுகிறவர்களுக்கு

பழைய பொத்தான் போன்களை எடுத்து வைத்துக்கொண்டு மதிப்பெண் போடும் வீடியோக்கள் இப்போது நிறைய வருகின்றன. நானும் விடாமல் பார்க்கிறேன். 2000-ல் வந்த நோக்கியா 3310 கீழே விழுந்தாலும் உடையாது, பாம்பு விளையாட்டு இருக்கிறது, சார்ஜ் நாள்கணக்கில் நிற்கும். எல்லாம் உண்மைதான். ஆனால் ரங்கூனில் வளர்ந்த எனக்கு அந்த விமர்சனங்கள் எல்லாமே பாதியில் முடிந்துபோகின்றன.

எங்கள் ஊரில் போன் பெரிய சொத்தே இல்லை, சிம்தான் சொத்து. 2000-களின் நடுவில் ஓர் இணைப்புக்கு 15 லட்சம் கியாட்டுக்கு (பர்மாவின் பணம்) மேல் ஆனது. உளுந்து, துவரை வியாபாரம் செய்த சித்தப்பா எப்படியோ பணம் புரட்டி வாங்கினார். வந்த அன்று சித்தி அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து விபூதி பூசினார். தெருவில் மற்றவர்கள் எல்லாம் நடைபாதையில் மேஜை போட்டு நிமிடக் கணக்கில் காசு வாங்கும் போன்காரரிடம்தான் போவார்கள். "கொடுத்த காசுக்குத் தகுமா" என்று இந்த வீடியோக்காரர்கள் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சித்தியின் அந்த விபூதிதான் ஞாபகம் வரும்.

சித்தப்பாவிடம் இருந்தது நோக்கியா 1100. 2003-ல் வந்த மாடல், உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது. கேமரா இல்லை, வண்ணத் திரை இல்லை. தூசி உள்ளே போகாத ஒரே துண்டு ரப்பர் விசைப்பலகை. தலையில் ஒரு சின்ன டார்ச். அந்த டார்ச்சைத்தான் எல்லோரும் "கூடுதல் வசதி" என்று ஒரே வரியில் தாண்டிப் போகிறார்கள். 2008 மே 2 இரவு நர்கீஸ் புயல் வந்தபோது நாங்கள் ரங்கூனுக்குப் பக்கத்துத் தன்லினில் சித்தப்பா வீட்டில் இருந்தோம். கூரைத் தகடு ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டு போன சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. 15 லட்சம் கொடுத்த சிம் அன்று வெறும் பிளாஸ்டிக். அந்தப் போன் வெளிச்சத்தில்தான் பாட்டியைக் கட்டிலோடு தூக்கி நனையாத மூலைக்குக் கொண்டுபோனோம். பிறகும் வாரக்கணக்கில் கரண்ட் வரவில்லை. 850 மில்லியாம்பியர்-மணி பேட்டரியைக் கார் பேட்டரியில் ஏற்றி ஏற்றி ஓட்டினோம். அந்த டார்ச்சுக்கு நான் நூற்றுக்கு நூறு போடுவேன்.

இனி குறை. அந்தக் காலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த எந்தப் போனும் தமிழ் காட்டவில்லை, பர்மிய எழுத்தும் காட்டவில்லை. இந்தியாவில் விற்ற சில மாடல்களில் தமிழ் இருந்ததாம். எங்கள் கைக்கு அது வந்து சேரவே இல்லை. இதற்கு எந்த விமர்சகரும் ஒரு மதிப்பெண்கூடக் குறைத்து நான் பார்த்ததில்லை, எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

குறுஞ்செய்தி என்பது 140 பைட், அதாவது 1,120 பிட் இடம். ஆங்கில எழுத்துக்கு ஏழு பிட் போதும், அதனால் 160 எழுத்து கொள்ளும். எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடு முறையில் அனுப்பும் தமிழுக்கு ஒவ்வொரு குறியும் 16 பிட், ஆக 70-தான். 'கொ' என்ற ஓர் எழுத்துக்கே இரண்டு இடம் போய்விடும். தமிழ் தெரியும் போனே வைத்திருந்தாலும் பாதிப் பேச்சுக்கு முழுக் காசு. ஆங்கில எழுத்தில் தமிழை அடித்துப் பழகியது இப்படித்தான். 1960-களில் தனியார் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்ட பிறகு, இங்கே தமிழ் பெரும்பாலும் கோயில் வகுப்பில்தான் பிழைத்தது. சனி ஞாயிறு அங்கே உட்கார்ந்து கஷ்டப்பட்டுப் படித்த எழுத்தைக் கையிலிருந்த கருவி வேண்டாம் என்று சொன்னது. அடுத்து வந்த ஆரம்பகால ஆண்ட்ராய்டு போன்களிலும் தமிழ் கட்டம் கட்டமாகத்தான் தெரிந்தது.

2013 ஏப்ரலில் 1,500 கியாட் சிம் குலுக்கலில் வந்தது. மறு வருடம் புது நிறுவனங்கள் வந்ததும் அதே விலையில் கடைகளில் தாராளமாகக் கிடைத்தது. அம்மாவுக்கும் ஒரு பழைய பொத்தான் போன் வாங்கிக் கொடுத்தோம். பெயர்கள் ஆங்கிலத்தில் இருந்ததால் படிக்க வராது. 2-ஐ அழுத்திப் பிடித்தால் நான், 3 என்றால் மண்டலேயில் வேலை பார்த்த தம்பி, அவ்வளவுதான் அம்மாவுக்குப் போன்.

ஒரு நாள் திரையில் உறை போன்ற படம் மின்னிக்கொண்டே இருக்கிறது, கெட்டுப்போய்விட்டதா பார் என்று கொடுத்தார். கெடவில்லை. குறுஞ்செய்திப் பெட்டி நிரம்பியிருந்தது, அத்தனையும் தம்பி அனுப்பியவை. இடம் வேண்டுமே என்று பழையதிலிருந்து ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டிவிட்டு அழித்தேன். முதலாவது, மூன்று மாதத்துக்கு முன்னால் வந்தது: "சாப்பிட்டியாம்மா."

"சாப்பிட்டேன்பா" என்றார் அம்மா, போனைப் பார்த்து.