அத்தோ வண்டியும் ஆறாம் வகுப்புப் பையும்

ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனின் நாட்குறிப்பில் பள்ளியிலிருந்து சிவப்பு மையால் எழுதி அனுப்பியிருந்தார்கள்: "பொறுப்பே இல்லை." சென்னை வியாசர்பாடியில் மாலை நேரத்தில் என்னிடம் படிக்க வரும் பிள்ளை அவன். அவன் அம்மா அதைக் கொண்டுவந்து காட்டியபோது வந்த கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

அந்த அம்மா அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் விற்கும் வண்டி போட்டிருக்கிறார். பர்மாவிலிருந்து வந்த குடும்பம். ஞாயிற்றுக்கிழமைகளில் பையனும் வண்டியருகே நிற்பான். ஒருவருக்கு வெங்காயம் கூடுதல், ஒருவருக்குக் காரம் குறைவு, இன்னொருவருக்குப் பூண்டு வேண்டாம், நான்காமவருக்கு வாழைத்தண்டு சூப் மட்டும். எதுவும் மாறாது, மீதிச் சில்லறையும் பிசகாது. அதே பிள்ளைதான் கணக்கு நோட்டை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறான், வீட்டுப்பாடம் என்ன என்று கேட்டால் விழிக்கிறான்.

எனக்கு இது புரிய வெகுநாள் ஆயிற்று. வண்டியில் எல்லாம் கண்முன் இருக்கிறது. நூடுல்ஸ், முட்டைக்கோஸ், புளித்தண்ணீர் எல்லாம் அதனதன் இடத்தில். சாப்பிட வந்தவர் எதிரிலேயே நிற்கிறார். அடுத்து என்ன என்பதை இடமே சொல்லிவிடுகிறது. பள்ளி வேலையில் அந்த வரிசை முழுவதையும் அவன் தலைக்குள்ளேயே தாங்க வேண்டியிருக்கிறது. அதிலும் ஐந்தாம் வகுப்புவரை பெரும்பாலும் ஒரே ஆசிரியர். ஆறாம் வகுப்பில் பாடத்துக்கு ஓர் ஆசிரியர், ஆளுக்கொரு நோட்டு, ஆளுக்கொரு கெடு. இந்தப் பாரத்தை எப்படிச் சுமப்பது என்று எந்தப் பாடவேளையிலும் சொல்லித்தருவதில்லை.

உளவியலில் இவற்றை எக்சிக்யூட்டிவ் திறன்கள் என்கிறார்கள். ஒன்றை மனதில் நிறுத்திக்கொண்டு வேலை செய்வது, உடனே தோன்றுவதைச் செய்யாமல் அடக்கிக்கொள்வது, ஒரு வழி சரிப்படாவிட்டால் இன்னொன்றுக்கு மாறுவது. திட்டமிடுவதும் நேரம் பார்த்து நடப்பதும் இவற்றின் மேல்தான் நிற்கின்றன. இதில் பெரும்பங்கு வகிப்பது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப்பகுதி. அது முதிர்ந்து முடிய இருபது வயதைத் தாண்டிவிடும். பதினொரு வயதில் தடுமாறுகிற பிள்ளையைப் பொறுப்பில்லாதவன் என்று எழுத எப்படி மனம் வருகிறது?

தூக்கம் குறைந்தாலும் பசித்தாலும் மனம் கலங்கினாலும் முதலில் ஆட்டம் காண்பவை இந்தத் திறன்கள்தாம். ஒற்றை அறை வீட்டில், இரவு பத்து மணிக்கும் டிவி ஓடுவதால் தூங்க நேரமாகி, விடியலில் தண்ணீர் லாரிக்குக் குடம் வைக்க எழுந்த பிள்ளை இவன். 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தைத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு என்றுதான் தொடங்கினார்கள். ஆறாம் வகுப்புக்குப் போனதும் பசி குறைந்துவிடுவதில்லை.

வண்டியில் இருந்த ஒழுங்கை வீட்டுக்குக் கொண்டுவரப் பார்த்தோம். கதவின் உட்புறம் ஓர் அட்டை: நோட்டு, ஜாமெட்ரி பாக்ஸ், தண்ணீர் பாட்டில், அடையாள அட்டை. அவனே எழுதினான். அவன் அம்மாவிடம் நான் கேட்டது ஒன்றுதான்: பையை நீங்கள் அடுக்கக் கூடாது. "அட்டையில் அடுத்தது என்ன?" என்று மட்டும் கேளுங்கள். அவருக்கு அது எளிதாக இல்லை. முதல் வாரம் இரண்டு நாள் ஜாமெட்ரி பாக்ஸ் இல்லாமல் போய்த் திட்டு வாங்கினான்.

எப்போது செய்வது என்பதும் முடிவாக வேண்டும். "இது நடந்ததும் இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே பிணைத்துவைத்தால் வேலை நடக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் காட்டியிருக்கிறார். இவன் வைத்துக்கொண்டது: "சாப்பிட்ட தட்டைக் கழுவியதும் பையை எடுப்பேன்." படிக்க உட்காரவே மலைக்கும் நாளில் நோட்டைத் திறந்து தேதி மட்டும் எழுதச் சொல்வேன். பல நாள் அதுவே போதுமாக இருந்தது.

நினைவாற்றலை வளர்க்கும் என்று விற்கப்படும் செல்போன் விளையாட்டுகளுக்குப் பணம் கட்டாதீர்கள். அந்த விளையாட்டில் தேறுவார்கள். அந்தத் தேர்ச்சி வீட்டுப்பாடத்துக்கு வந்து சேர்வது அரிது.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். கடைசி மணிக்கு முன் ஐந்து நிமிடம் கொடுங்கள். நாளைக்கு என்ன கொண்டுவர வேண்டும் என்பதைப் பலகையில் எழுதி, பிள்ளைகள் எழுதிக்கொண்டார்களா என்று பார்த்து அனுப்புங்கள்.

போன வாரம் காலாண்டுத் தேர்வுக்கு அவனே அட்டவணை போட்டு வந்தான். அறிவியலுக்கு மூன்று நாள். "இரண்டு போதாதா?" என்றேன். "எனக்கு மூன்று வேண்டும் அக்கா" என்றான். மாற்றச் சொல்லவில்லை.