கருவாடு விற்பனைக்குப் பதிவு வேண்டாமா? ஒரு திருத்தம்

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் வீட்டிலிருந்தே வாட்ஸ்அப்பில் கருவாடு விற்பவர்களுக்கு, விற்பனை ஜிஎஸ்டி வரம்புக்குள் இருந்தால் எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவோ லைசென்ஸோ எதுவும் தேவையில்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பலர் பகிர்ந்தும் விட்டார்கள். அது சரியில்லைங்க.

ஜிஎஸ்டி என்பது வரிச் சட்டம். எஃப்எஸ்எஸ்ஏஐ வருவது 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தில். ஒன்றில் கிடைக்கும் விலக்கு மற்றதில் செல்லாது. அந்தச் சட்டத்தின் 31(2) பிரிவு சிறு உற்பத்தியாளருக்கு லைசென்ஸ் வேண்டாம் என்கிறது, உண்மைதான். ஆனால் அதே உட்பிரிவு, அவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. பலரும் முதல் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள்.

மீனவருக்கு அதே சட்டத்தின் 18(3) பிரிவில் விலக்கு உண்டே என்று கேட்கலாம். அது அவர் பிடித்துவரும் மீனுக்கு. ஏலத்தில் நெத்திலி எடுத்து, உப்புப் போட்டுக் காயவைத்து, பாக்கெட் போட்டு கூரியரில் அனுப்புவது உணவுத் தொழில்.

'இந்தியா கோட்' அரசுத் தளத்தில் சட்டத்தின் பெயரைத் தேடி, பிரிவு 31-ஐத் திறந்து நீங்களே படித்துப் பாருங்கள். பதிவு செய்ய எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 'ஃபாஸ்காஸ்' (FoSCoS) இணையதளம். அங்கே தொழில் வகையில் சில்லறை விற்பனையை மட்டும் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். வீட்டில் காயவைத்தால் மீன் பதப்படுத்துதலையும் சேர்க்க வேண்டும். கிடைப்பது 14 இலக்க எண். பதிவு என்றால் 2-லும், லைசென்ஸ் என்றால் 1-லும் தொடங்கும். யாருடைய பாக்கெட்டில் அந்த எண் இருந்தாலும் அதே தளத்தில் போட்டுப் பார்த்தால் பெயரும் செல்லுபடியும் தெரிந்துவிடும்.