30 பவுண்டுக்குக் கத்தினாராம்

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், பிங்க் ஃப்ளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை' பாட்டில் குரல் கொடுத்த கிளேர் டோரியைப் பற்றி நடந்த பேச்சு அங்கிருந்தவர்களுக்குத் தெரியும். பேசியவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. "கூலி வாங்கிக்கொண்டு கத்திவிட்டுப் போனவருக்குப் பாட்டில் என்ன பங்கு?" என்று கேட்டவர், பல வருடங்களாகப் பிங்க் ஃப்ளாய்ட் கேட்பவராம். காதால்தானா என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

கத்தினாராம்! 1973 ஜனவரியில், அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிளேர் டோரி லண்டன் அபே ரோடு ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்தபோது அவரிடம் கொடுக்கப் பாடல் வரியும் இல்லை, பாட வேண்டிய மெட்டும் இல்லை. குழுவின் கீபோர்டு கலைஞர் ரிச்சர்ட் ரைட்டின் பியானோ இருந்தது. அது அழகானது, மறுக்கவில்லை. சொற்கள் வேண்டாம் என்றார்கள். தன் குரலையே ஒரு வாத்தியமாக எண்ணிக்கொண்டு பாடினார். 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை'யில் நாம் கேட்கும் அந்தக் குரல்மெட்டு அங்கேயே, அவர் தொண்டையில் பிறந்தது. எழுதிக் கொடுத்ததை அவர் பாடவில்லை. இன்னொரு முறை சொல்கிறேன்: எழுதிக் கொடுக்க அங்கே ஒன்றுமே இல்லை.

ஞாயிறு என்பதால் இரட்டைக் கூலி, 30 பவுண்டு. பாடியவர் என்று இசைத்தட்டு உறையில் பெயர் போட்டார்கள். இயற்றியவர் என்ற இடத்தில் ரைட் மட்டும்.

"பேசிய கூலியைக் கொடுத்துவிட்டார்களே" என்பீர்கள். கொடுத்தார்கள். பாடுவதற்கு. இயற்றுவதற்கு யார் கொடுத்தது? "அப்படியானால் கிட்டார் வாசிப்பவர், டிரம் அடிப்பவர் எல்லாரும் பங்கு கேட்பார்களே?" கேட்கட்டுமே, உங்கள் வீட்டுச் சொத்தா போகிறது?

"31 ஆண்டுகள் ஏன் சும்மா இருந்தார்?" இதைக் கேட்பவர்கள் கூலிக்குப் பாடிப் பிழைத்ததில்லை. அடுத்த அழைப்பை நம்பி வாழ்கிறவர் உலகப் புகழ்பெற்ற குழுவின் மேல் வழக்குப் போட்டால் யார் அழைப்பார்கள்? 2004இல் போட்டார். 2005இல் சமரசம் ஆனது. அதன் பிறகு வந்த பதிப்புகளில் ரைட்டோடு அவர் பெயரும் இருக்கிறது. சும்மா கத்தியவருக்கு அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்களாக்கும்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று ஒருவர் தனியாகக் கேட்டார். இருபத்திரண்டு வயதில் ஒரு நாடகக் குழுவில் இருந்தேன். ஒத்திகையில் ஒரு காட்சி வெறுமையாக இருக்கவே, ஓரமாக உட்கார்ந்து ஒரு மெட்டை முனகினேன். கடைசியில் அந்த நாடகத்தில் எல்லாருக்கும் நினைவில் நின்றது அது ஒன்றுதான். மேடையில் இசை என்று வேறொருவர் பெயரை அறிவித்தார்கள். கேட்டதற்கு, "நீ சும்மாதானே முனகிக்கொண்டிருந்தாய்" என்று தோளில் தட்டினார் அவர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காகத்தான் இன்று வரை என்னை மன்னிக்க முடியவில்லை.

இது டோரி விவகாரமே இல்லை, என் சொந்தப் புண் என்று சொல்வீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள்.

அன்று "கத்தினார்" என்றவர் படியிறங்கும்போது எதை முனகிக்கொண்டு போனார் தெரியுமா? ரைட்டின் பியானோவை அல்ல. பின்னால் வந்த இருவர் அதைக் கேட்டார்கள். வேண்டுமானால் அவர்களே வந்து சொல்லட்டும். வரும் ஞாயிறு நான் வரவில்லை.